சாரல் எல்லோருக்கும்தான்! சிறப்புக் குழந்தையோடு குற்றாலம் போகத் திட்டமிடுவது எப்படி?

ஜூன் பிறந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்களில் அந்த வீடியோ வந்துவிடும். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் கொட்டுகிற இருபது விநாடி வீடியோ. "சீஸன் தொடங்கியாச்சு, எப்போ கிளம்பலாம்?" என்று சித்தப்பா கேட்பார். "இந்த சனி, ஞாயிறு வேன் போட்டுடலாம்" என்று மாமா பதில் போடுவார். கட்டைவிரல் எமோஜிகள் வரிசைகட்டும்.

அந்த குரூப்பில் ஓர் அம்மா மட்டும் எதுவும் எழுத மாட்டார். அவர் பிள்ளைக்கு மூளை முடக்குவாதமாக இருக்கலாம். ஆட்டிசமாக இருக்கலாம். வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடும் குழந்தையாக இருக்கலாம். கடைசியில், "நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் இவனைப் பாத்துக்கிட்டு வீட்லயே இருந்துக்கிறேன்" என்று ஒரு வரி வரும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அவரைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான். வேன் கிளம்பிவிடும். அந்தப் பிள்ளையின் தங்கை, அம்மா இல்லாமல் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து போவாள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, சுற்றுலா என்று எது வந்தாலும், 'யார் வீட்டில் இருப்பது?' என்ற கேள்வி அந்தக் குடும்பங்களில் முதலில் எழுகிறது.

கொஞ்சம் முன்கூட்டியே திட்டமிட்டால், குற்றாலத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே தேவைப்படாது. பேரருவியின் அடியில் தலையைக் கொடுத்தால்தான் குற்றாலம் என்று நாமே முடிவுசெய்து வைத்திருக்கிறோம். ஆனால், அந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் பாதிப் பங்கு சாரலுக்கு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வரும் தென்மேற்குப் பருவக்காற்று, பூத்தூவலாகத் தண்ணீரைத் தூவிக்கொண்டே இருக்கும். அதற்குப் படி ஏற வேண்டாம், வரிசையில் நிற்க வேண்டாம். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையின் முகத்துக்கு அதுவே வந்து சேரும்.

கப்பலில் கேட்கிறார்கள், லாட்ஜில் நாம் கேட்க வேண்டும்

வெளிநாடுகளில் சிறப்புக் குழந்தைகள் உள்ள பல குடும்பங்கள் சொகுசுக் கப்பல் பயணத்தை விரும்புகின்றன. காரணம் எளிது. தங்குமிடம், சாப்பாடு, பொழுதுபோக்கு எல்லாம் ஒரே இடத்தில். டிக்கெட் போட்டதும் கப்பல் நிறுவனமே ஒரு படிவம் அனுப்பிக் கேட்கும். சக்கர நாற்காலியின் அகலம் என்ன? குளிக்க நாற்காலி வேண்டுமா? உணவில் எதை ஒதுக்க வேண்டும்? ராயல் கரீபியன் நிறுவனம் 2014-லேயே ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஏற்ற கப்பல் பயணம் என்ற சான்றிதழைப் பெற்றது.

குற்றாலத்தில் அப்படி யாரும் படிவம் நீட்டப் போவதில்லை. அந்தக் கேள்விகளை நாமே எழுதிவைத்துக்கொண்டு, ரூம் போடும்போதே கேட்டுவிட வேண்டும்.

* ரூம் தரைத்தளத்தில் இருக்கிறதா? வாசலில் எத்தனை படி? லிஃப்ட் இருந்தால், மின்சாரம் போனாலும் ஓடுமா?

* பாத்ரூம் கதவின் அகலம் என்ன? சக்கர நாற்காலி சிரமமில்லாமல் நுழைய 3 அடி அகலம் வேண்டும். பல லாட்ஜ்களில் இரண்டரை அடிக்குள்தான் இருக்கும். "தாராளமா போகும் சார்" என்ற பதிலை நம்பாமல், டேப் வைத்து அளந்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வீட்டில் நாற்காலியின் அகலத்தையும் அளந்துவையுங்கள்.

* வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா? அதன் பக்கத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? பாத்ரூம் வாசலில் தடுப்புப் படி எவ்வளவு உயரம்?

* வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்? மின்வெட்டின்போது ஜெனரேட்டர் உண்டா? நெபுலைசரோ, பேட்டரி சக்கர நாற்காலியோ வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம்.

* வாசல் வரை வண்டி வருமா? ரோட்டிலிருந்து நடந்து இறங்க வேண்டுமா?

வாசலில் ஒன்றிரண்டு படிதான் தடை என்றால், மடக்கும் சாய்தளப் பலகையோடு போகலாம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது சாய்தளத்துக்கான பொதுவான கணக்கு. அதாவது, 6 அங்குலப் படிக்கு 6 அடிப் பலகை. குட்டையான பலகையைச் செங்குத்தாகப் போட்டால் நாற்காலி பின்பக்கமாகச் சாய்ந்துவிடும்.

ரூம் குற்றாலத்திலேயேதான் வேண்டும் என்பதில்லை. சுமார் 5 கி.மீ. தள்ளியிருக்கும் தென்காசியில் தங்கினால் மருந்துக்கடை, மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் பக்கம். சீஸன் நாள்களில் குற்றாலத்தின் இரைச்சல் ராத்திரியிலும் அடங்காது. தூக்கம் கெட்டால் சிரமப்படும் பிள்ளைகளுக்குத் தென்காசி நல்லது.

எந்த நாள், எந்த நேரம்?

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முக்கிய சீஸன். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அருவிகளில் தண்ணீர் விழும். சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை, சாரல் விழா நாள்கள் ஆகியவற்றைத் தவிர்த்துவிடுங்கள். செவ்வாய், புதன் போன்ற வார நாள் என்றால் கூட்டம் பாதியாகக் குறையும். பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட வேண்டியிருக்கலாம். கூட்டத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாத பிள்ளைக்கு அந்த இரண்டு நாள் லீவுதான் பயணத்தையே சாத்தியமாக்கும்.

நேரம் என்றால் அதிகாலைதான். விடிந்ததும் போய்விட்டு, டூரிஸ்ட் பஸ்கள் வந்து சேர்வதற்குள் திரும்பிவிடலாம். ஒவ்வோர் அருவிக்கும் குளிக்க அனுமதிக்கும் நேரம் அவ்வப்போது மாறும் என்பதால், முதல் நாள் மாலையே லாட்ஜில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். காலையில் ஐந்தருவி, மதியம் பழைய குற்றாலம், மாலையில் பேரருவி என்று வேன் டிரைவர் போட்டுக்கொடுக்கும் திட்டம் இந்தப் பிள்ளைகளுக்குச் சரிவராது.

ரயிலா, வேனா?

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு செங்கோட்டை வரை செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி. ராத்திரி ஏறினால் காலையில் தென்காசி.

மாற்றுத்திறனாளிகளுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. துணையின்றிப் பயணிக்க முடியாத கை, கால் பாதிப்புள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், பார்வை இழந்தவர்கள் ஆகியோருக்கு ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. வகுப்புகளில் 75 சதவிகிதம் வரை கட்டணம் குறையும். உடன்செல்லும் ஒருவருக்கும் அதே சலுகை கிடைக்கும். கீழ் படுக்கைகளோடு தனி ஒதுக்கீடும் உண்டு.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். மத்திய அரசின் யு.டி.ஐ.டி. அட்டை கையில் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரயில்வேக்கென்று தனியாக ஓர் அடையாள அட்டை இருக்கிறது. அரசு மருத்துவரிடம் ரயில்வே சொல்லும் படிவத்திலேயே சான்றிதழ் வாங்கி, ஆன்லைனில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்தெந்தக் குறைபாடுகளுக்குச் சலுகை என்பதற்கும் ரயில்வேயின் பட்டியல் தனி. அட்டை வந்துவிட்டால் அதன் எண்ணைப் போட்டு வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம். சரிபார்ப்புக்கு நாள் பிடிக்கும் என்பதால், ஜூலையில் பயணம் என்றால் கோடை விடுமுறை தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். ஸ்டேஷனில் சக்கர நாற்காலி தேவைப்பட்டால், 139 எண்ணில் முன்கூட்டியே விசாரிக்கலாம்.

ரயில் பெட்டியின் நடைபாதை குறுகலானது. வழக்கமான சக்கர நாற்காலி உள்ளே போகாது. மடக்கும் நாற்காலி என்றால் படுக்கைக்கு அடியில் வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்கலாம். வளர்ந்த பிள்ளை என்றால் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

வேனில் போகிறவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். டயப்பர் மாற்ற வேண்டிய வளர்ந்த பிள்ளைகளுக்கு வழியில் பெரும்பாலும் இடம் கிடைக்காது. பின் சீட்டை முழுதாகக் காலியாக விட்டு, ஒரு ரெக்ஸின் விரிப்பும் ஜன்னலுக்குத் திரையாக இரண்டு வேட்டியும் வைத்துக்கொண்டால் பிள்ளையின் மானம் காக்கப்படும்.

எந்த அருவிக்குப் போகலாம்?

பேரருவி, குற்றாலநாதர் கோயிலை ஒட்டியே இருக்கிறது. சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தண்ணீர், நடுவில் பொங்குமாங்கடல் என்ற பள்ளத்தில் நிரம்பிப் பொங்கி, வேகம் தணிந்து கீழே வருகிறது. அப்படியும் தலையில் விழும்போது பெரியவர்களுக்கே திணறும். எதிரே இருக்கும் பாலம்தான் சக்கர நாற்காலிக் குழந்தைக்கு வசதியான இடம். அங்கே நின்றாலே அருவி முழுதாகத் தெரியும், திவலைகள் வந்து நனைக்கும். பத்து நிமிடத்தில் உடம்பு சிலிர்த்துவிடும்.

ஐந்தருவியில் தண்ணீர் ஐந்தாகப் பிரிந்து விழுவதால் கூட்டமும் பிரிந்து நிற்கும். புலியருவி சிறியது. சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் அதைத் தேடிப் போவார்கள். பழைய குற்றால அருவிக்குப் படியேற வேண்டும். செண்பகாதேவி அருவி, தேனருவி இரண்டும் காட்டுக்குள் மலையேற்றம் என்பதால் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம்.

எந்த அருவியானாலும் தரை எப்போதும் ஈரம், வழுக்கும். எண்ணெய், சோப்பு, ஷாம்புக்குத் தடை இருந்தாலும் கவனம் தேவை. ரப்பர் அடிப்பாகம் உள்ள, குதிகாலோடு கட்டும் செருப்பு பிள்ளைக்கும் தூக்குபவருக்கும் அவசியம். வழுக்கும் பாறையில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கவே கூடாது.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு வாளியும் கொண்டுபோங்கள். கூட்டத்தைவிட்டு ஒதுங்கிய சமதரையில் பிள்ளையை உட்கார வைத்து, அருவித் தண்ணீரைப் பிடித்து வந்து, முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு தோள் என்று மெதுவாக ஊற்றுங்கள். தலைக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பிள்ளை தன் முகத்தாலேயே சொல்லிவிடும்.

ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்

சிறப்புக் குழந்தைகளின் பெற்றோர் சந்திக்கிற, மற்றவர்கள் யோசித்தே பார்த்திராத ஒரு சிக்கல் இது. அருவிகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் குளிக்கும் இடம் தனித்தனி. 13 வயது மகனை அம்மா ஆண்கள் பக்கம் கூட்டிப்போக முடியாது. பெண்கள் பக்கம் அழைத்து வந்தால் முறைப்பார்கள். ஆறு வயது மனதோடு 13 வயது உடம்பில் இருக்கும் பிள்ளை என்பது அங்கே நிற்பவர்களுக்குத் தெரியாது. 13 வயது மகளோடு வரும் அப்பாவுக்கும் இதே நிலைதான். கழிப்பறையிலும் இதே கதை.

இதற்கான ஏற்பாட்டை வீட்டிலேயே தொடங்க வேண்டும். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே மகனை அப்பாவோ, தாய்மாமாவோ, பெரியப்பா மகனோ குளிப்பாட்டிப் பழகட்டும். எந்தத் தொடுகை பிடிக்கும், எந்தச் சத்தத்துக்குப் பயப்படுவான், 'போதும்' என்பதை எப்படிக் காட்டுவான் என்பதெல்லாம் அம்மாவுக்கு மட்டுமே தெரிந்த மொழியாக இருக்கிறது. அதை இன்னும் ஒருவர் கற்றுக்கொண்டால்தான் அருவிக் கரையில் கை மாற்ற முடியும். குற்றாலத்துக்கு அப்புறமும் அந்தப் பழக்கம் வீட்டில் தொடர்ந்தால் அம்மாவின் முதுகுவலி பாதி குறையும்.

முறை வைத்துக்கொள்வதும் நல்லது. ஒருவர் பிள்ளையோடு இருக்கும்போது மற்றவர்கள் குளிக்கலாம். அந்த வரிசையில் அம்மாவின் பெயரும் இருக்க வேண்டும். அரை மணி நேரம், போன் இல்லாமல், யாரையும் திரும்பிப் பார்க்காமல் அவர் அருவியில் நிற்கட்டும். கூடப்பிறந்த பிள்ளைகளுக்கும் அப்பாவோடோ அம்மாவோடோ தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எப்போதும் விட்டுக்கொடுத்தே வளரும் பிள்ளைகள் அவர்கள்.

பிள்ளைக்குத் தக்க முன்னெச்சரிக்கை

கிளம்புவதற்கு முன் பிள்ளையைப் பார்க்கும் டாக்டரிடம், "அருவியில் குளிக்க வைக்கலாமா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

வலிப்பு நோய்: தூக்கம் கெடுவதும், மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டும். ராத்திரிப் பயணம் முடிந்த அன்றே தண்ணீரில் இறக்க வேண்டாம். ஒரு நாள் ஓய்வு கொடுங்கள். தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவரின் கை பிள்ளையின் மேலேயே இருக்க வேண்டும். வலிப்பு வந்தால் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கி, வெளியே கொண்டுவந்து ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்பு கொடுப்பது, வாயில் எதையாவது வைப்பது எல்லாம் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, தண்ணீர் குடித்திருந்தாலோ 108-ஐ அழையுங்கள்.

ஆட்டிசம்: அருவியின் இரைச்சல் சில பிள்ளைகளுக்கு இசை, சிலருக்கு இடி. அருவி வீடியோவை ஒரு வாரம் முன்பிருந்தே, முதலில் குறைந்த ஒலியில், பிறகு கூட்டிப் போட்டுக் காட்டுங்கள். பயணத்தின் படிகளைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்டுங்கள். காதை மூடும் ஹெட்போன் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் மேல் தனி ஈர்ப்பு உண்டு. கண் இமைக்கும் நேரத்தில் கையை உதறிவிட்டு அதை நோக்கி ஓடிவிடுவார்கள். அதனால் பளிச்சென்ற நிறத்தில் சட்டை, மணிக்கட்டில் போன் நம்பர் எழுதிய பட்டை, 'இந்த நிமிடம் இவனுக்கு நான் பொறுப்பு' என்று வாய்விட்டுச் சொல்லி ஏற்கும் ஒரு பெரியவர், மூன்றும் கட்டாயம். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் காணாமல் போகிறார்கள்.

மூளை முடக்குவாதம்: குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை இறுக்கம் கூடலாம். குறைந்த நேரம் நனைத்து, உடனே துவட்டி, உலர்ந்த உடை மாற்றுங்கள். கழுத்து நிற்காத பிள்ளையின் தலையில் அருவி நேராக விழவே கூடாது.

டவுன் சிண்ட்ரோம்: சில குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். கொட்டும் தண்ணீரின் அழுத்தம் தலையில் விழுவது ஆபத்து. இதயக் கோளாறு இருந்தால் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

செவித்திறன் குறைபாடு: காது மெஷினையும், காக்ளியர் இம்ப்ளான்ட்டின் வெளிக்கருவியையும் கழற்றி, தண்ணீர் புகாத டப்பாவில் வைத்த பிறகுதான் நனைய வேண்டும். கழற்றியபின் போலீஸ் விசிலும் உங்கள் சத்தமும் பிள்ளைக்குக் கேட்காது. 'வா', 'நில்', 'வெளியேறு' ஆகியவற்றுக்குக் கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பார்வைக் குறைபாடு: எத்தனை அடி, எந்தப் பக்கம் கம்பி, எங்கே வழுக்கும் என்று முன்னாலேயே சொல்லிக்கொண்டு நடங்கள். தூரத்து இரைச்சல் நெருங்க நெருங்கப் பெருகுவதும், முகத்தில் திவலை விழுவதும், ஈரப்பாறையின் வாசனையும் என அருவியை முழுதாக ரசிக்க இந்தப் பிள்ளைகளால் முடியும்.

சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். சீஸனில் ரம்புட்டான், மங்குஸ்தான் கடைகள் வரிசைகட்டும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு ரம்புட்டான் கொட்டை தொண்டையில் சிக்கிவிடும். உரித்து, கொட்டை நீக்கி, மசித்துக் கொடுங்கள். குரங்குகள் கையிலிருக்கும் பையைப் பறித்துக்கொண்டு ஓடும். மருந்துப் பை எப்போதும் ஜிப் மூடி, பெரியவர் தோளில் இருக்க வேண்டும்.

'குளிக்கத் தடை' என்று போர்டு இருந்தால்?

பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். 'எவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு நிமிஷம் விடுங்க' என்று கெஞ்சுவது வேண்டாம். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். மலைமேல் பெய்யும் மழை கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. ஓடத் தெரிந்தவர்களுக்கே அன்று நேரம் போதவில்லை. ஓட முடியாத பிள்ளையோடு நிற்பவர்கள் எப்போதும் வெளியேறும் வழியின் பக்கமே நிற்க வேண்டும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ போலீஸ் விசிலுக்குக் காத்திராமல் நகர்ந்துவிடுங்கள்.

அருவி, அருவி என்று ஒரு வாரமாகச் சொல்லித் தயார்ப்படுத்திய பிள்ளைக்கு, வாசலில் வந்து 'இல்லை' என்பது பெரிய அதிர்ச்சி. அதனால் தொடக்கத்திலிருந்தே இரண்டு படங்களைக் காட்டுங்கள். ஒன்று அருவி, இன்னொன்று படகு. 'எது திறந்திருக்கிறதோ அங்கே போவோம்' என்று சொல்லிப் பழக்குங்கள்.

ஐந்தருவி சாலையில் உள்ள வெண்ணமடைக் குளத்தில், தண்ணீர் நிரம்பும் சீஸன் நாள்களில் படகு சவாரி நடக்கும். பிள்ளையின் அளவுக்குச் சரியான லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று பார்த்து, படகை இருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, முதலில் பெரியவர் ஏறி அமர்ந்து, பிறகு பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். சொகுசுக் கப்பல் இல்லைதான், ஆனாலும் மலையும் சாரலும் சூழ மிதக்கும் அந்தக் கால் மணி நேரம் பிள்ளைக்குப் பெரிய கடல்தான்.

தென்காசி காசி விசுவநாதர் கோயில் வாசலும் நல்ல மாற்று. பொதிகை மலைக் காற்று ராஜகோபுர வாசலில் எதிர்த்து அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காற்றில் சும்மா நின்றுவிட்டு வரலாம். எதுவும் சரிவரவில்லையா? லாட்ஜ் வராந்தாவில் நாற்காலி போட்டு, சாரலில் சூடாக ஒரு டீ, பஜ்ஜி. அதுவும் குற்றாலம்தான்.

ஆய்க்குடி கற்றுத்தரும் பாடம்

'இதெல்லாம் நம்ம ஊர்ல நடக்குமா?' என்று கேட்பவர்களுக்கான பதில், தென்காசிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன், 1975-ல் பொறியியல் மாணவராக இருந்தபோது கடற்படை அதிகாரிகள் தேர்வுக்காக பெங்களூரு சென்றார். உடற்தகுதித் தேர்வில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்தில் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டாக ஐ.நா. அறிவித்த 1981-ல், தன் சொந்த ஊரில் சில குழந்தைகளோடு ஓலைக் கொட்டகையில் அவர் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். தனக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரை அதற்குச் சூட்டினார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இருக்கும் ஆடிட்டர் எஸ்.சங்கரராமன் பின்னர் அவரோடு இணைந்தார். பள்ளி, சிகிச்சை மையம், தொழிற்பயிற்சி என்று வளர்ந்த அந்த நிறுவனம், சுற்றுவட்டார கிராமங்களில் உள்ள குழந்தைகளைத் தேடிப்போய்ச் சிகிச்சை அளிக்கிறது. ராமகிருஷ்ணனுக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களே திட்டமிட்ட இடம் அது. குற்றாலத்துக்கு வரும் பெற்றோர், முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு ஓர் அரை நாள் அங்கே போய்வரலாம்.

கேட்டு வாங்க வேண்டியதும் இருக்கிறது

எல்லாவற்றையும் பெற்றோரே சுமக்க வேண்டும் என்பதில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், கல்வி, வேலையோடு பொழுதுபோக்கையும் உரிமையாகவே சொல்கிறது. பொது இடங்களை அனைவரும் அணுகும்படி மாற்றுவது குறித்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமான தர அளவுகள் வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முடியும் என்பதற்கு சென்னை மெரினா சாட்சி. ஆண்டுக்கொரு முறை தற்காலிகப் பாதை போட்டு மாற்றுத்திறனாளிகளைக் கடல் பார்க்க வைத்த இடத்தில், அவர்கள் தொடர்ந்து கேட்டதால் 2022 நவம்பரில் நிரந்தர மரப்பாதை வந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. மறுபடி சரிசெய்தார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் வரும் கேரளம், தடையற்ற சுற்றுலா என்பதை ஒரு திட்டமாகவே எடுத்துச் செய்தது.

குற்றாலத்தில் எந்த இடத்தில் சாய்தளம் இருந்திருந்தால் உதவியிருக்கும், எங்கே கைப்பிடி தேவை, குடும்பமாகப் பயன்படுத்தும் கழிப்பறை எங்கே வேண்டும் என்பதைப் போய்வந்த பெற்றோரால்தான் துல்லியமாகச் சொல்ல முடியும். ஊர் திரும்பியதும் அதைப் போட்டோவோடு தென்காசி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் மனுவாக அனுப்பிவிடுங்கள். இந்த ஆண்டு நீங்கள் எழுதும் ஒரு பக்கம், அடுத்த சீஸனில் இன்னொரு பிள்ளைக்குப் பாதையாகலாம்.

பையில் மறக்கக் கூடாதவை

* மூன்று நாள் பயணத்துக்கு ஐந்து நாள் மாத்திரை, இரண்டு பைகளில் பிரித்து
* மருந்துச் சீட்டு, யு.டி.ஐ.டி. அட்டை நகல்
* பிள்ளையின் சமீபத்திய போட்டோ (போனில்)
* மாற்றுடை மூன்று செட், ஸ்வெட்டர், குல்லா
* சக்கர நாற்காலியைத் துடைக்கப் பழைய துணி, சக்கரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய். நனைந்த நாற்காலியை அன்றே துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும். பேட்டரி நாற்காலியை நனைக்கவே கூடாது
* பிள்ளைக்குப் பழகிய தட்டு, தலையணை, பொம்மை ஏதாவது ஒன்று

இனி அந்த வாட்ஸ்அப் குரூப்புக்குத் திரும்புவோம். அந்த அம்மாவிடம், "நீங்களும் வர்றீங்கதானே?" என்று கேட்பது நல்ல மனசு. "அவனுக்கு எந்த நாள் தோதுப்படும் அண்ணி? அதை வச்சே நாங்க வேன் போடுறோம்" என்று கேட்டால், அவர் போனைக் கையில் எடுப்பார்.